எரிகல் வழியே ஒரு 'ஹலோ'!

கேம்பஸ் அலைவரிசை

இந்த வாரம் உங்களுக்கு ஒரு ராத்திரி வேலை வெச்சிருக்கேன். ஆனா அது டிசம்பர் மாசத்துக்கு. இப்பவே காலண்டர்ல குறிச்சு வெச்சுக்கங்க.

டிசம்பர் 13. மணி ராத்திரி பன்னிரண்டு தாண்டியாச்சு. மயிலாப்பூரோ, தி.நகரோ, அடையாறோ... மொட்டை மாடிக்கு ஒரு எஃப்.எம். ரேடியோவோடு போறீங்க. மேலே நிமிர்ந்து பார்த்தா வடகிழக்குப் பருவமழை மேகம். நட்சத்திரமாவது, நிலாவாவது! பரவாயில்லை, நமக்கு வானம் தெரியவே வேணாம். ரேடியோவைத் திருகி, சென்னையில எந்த ஸ்டேஷனும் இல்லாத ஒரு இடத்துல நிறுத்துங்க. 'உஸ்ஸ்ஸ்'னு இரைச்சல் மட்டும்தான் கேட்கும். பொறுங்க. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். திடீர்னு அந்த இரைச்சலுக்கு நடுவுல அரை செகண்டுக்கு ஒரு பாட்டுத் துண்டு, இல்லைன்னா புரியாத பாஷையில பாதி வார்த்தை கேட்டு அப்படியே காணாமப் போகும்.

பேய் இல்லை பாஸ்! சுமார் 100 கி.மீ. உயரத்துல மணல் துகள் அளவுக்கு ஏதோ ஒண்ணு எரிஞ்சு போயிருக்கு. ஆயிரம் கி.மீ.க்கு அப்பால இருக்கிற ஒரு எஃப்.எம். ஸ்டேஷனை அந்த அரை செகண்டுக்கு உங்க மாடிக்குக் கூட்டி வந்துட்டுப் போனது அதுதான்.

இதையே ஒரு பந்தயமா ஆடுற ஆளுங்க உலகம் பூரா இருக்காங்க. அவங்களைப் பத்தித்தான் இந்த வாரம்.

நொடியில் தாம்பரம் டு பீச்!

ஈ.சி.ஆர். பஸ்ல பாண்டிச்சேரி போயிருப்பீங்க. சென்னையைத் தாண்டிப் போகப் போக எஃப்.எம். கரகரன்னு ஆகி, ஒரு கட்டத்துல சுத்தமா அடங்கிடும். காரணம், எஃப்.எம். அலைகளும் அதுக்குப் பக்கத்துல இருக்கிற வி.எச்.எஃப். அலைகளும் பெரும்பாலும் நேர்கோட்டுலதான் போகும். பூமி உருண்டை. தொடுவானம் தாண்டினதும் அலை மேலே போயிடும், நாம கீழே நின்னுடுவோம்.

அந்த அலையைத் திருப்பி அனுப்ப மேலே ஒரு கண்ணாடி இருந்தா? அந்தக் கண்ணாடியைத்தான் எரிகற்கள் போட்டுக் கொடுக்குது. டிசம்பர்ல வர்ற ஜெமினிட்ஸ் துகள்கள் நொடிக்குச் சுமார் 35 கி.மீ. வேகத்துல காற்று மண்டலத்துக்குள்ள நுழையுது. நம்ம லோக்கல் ரயில் தாம்பரத்திலிருந்து பீச் வரைக்கும் முக்கி முனகிப் போற தூரத்தை அது ஒரே நொடியில தாண்டிடும். ஆகஸ்ட்ல வர்ற பெர்செய்ட்ஸ் நொடிக்கு 59 கி.மீ. நவம்பர் லியோனிட்ஸ் 71 கி.மீ.!

அந்த வேகத்துல உரசும்போது, 80 முதல் 110 கி.மீ. உயரத்துல துகள் ஆவியாகி, பின்னாடி எலெக்ட்ரான்கள் நிறைஞ்ச ஒரு கோடு கிழிக்குது. ரேடியோ அலை அந்தக் கோட்டுல பட்டு வேற ஊருக்குத் திரும்பும். பெரும்பாலான கோடுகள் ஒரு நொடியில ஒரு பகுதிதான் தாங்கும். கொஞ்சம் பெரிய கல்லா இருந்தா பல நொடிகள். அதிகபட்சமா 2,000 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல வரைக்கும் இப்படி எட்டிப் பார்க்கலாம். 'மீட்டியார் ஸ்கேட்டர்'னு இதுக்குப் பேரு.

எரிகல் மழை நாள்லதான் இது நடக்கும்னு இல்லை. தினமும் துகள்கள் விழுந்துக்கிட்டேதான் இருக்கு. ஆனா விடிகாலை ஆறு மணி வாக்குல அதிகம், சாயங்காலம் ஆறு மணி வாக்குல குறைவு. ஏன்? மழையில பைக் ஓட்டினா முன்னாடி நெஞ்சு தொப்பலா நனையும், முதுகு கொஞ்சம் தப்பிக்கும் இல்லையா? சூரியனைச் சுத்தி ஓடுற பூமிக்கு விடிகாலைப் பக்கம்தான் நெஞ்சு, சாயங்காலப் பக்கம் முதுகு. அம்மா 'சீக்கிரம் எழுந்திரு'ன்னு சொல்றதுக்கு ஒரு வழியா விஞ்ஞான ஆதாரம் கிடைச்சாச்சு!

நம்ம ஆளுங்க கேட்ட விசில்

'இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு'ன்னு நினைக்கிறீங்களா? அங்கேதான் விஷயமே. 1933 நவம்பர் லியோனிட்ஸ் எரிகல் மழையின்போது கல்கத்தாவுல சிசிர் குமார் மித்ராவும் அவரோட குழுவும் அயனமண்டலத்தை ரேடியோ அலையால அளந்துக்கிட்டு இருந்தாங்க. எரிகல் மழை அங்கே உண்டாக்கின மாற்றத்தைப் பத்தி அவங்க எழுதின கட்டுரை 1934-ல் 'நேச்சர்' இதழில் வந்தது.

அடுத்தது இன்னும் சுவாரஸ்யம். ஆல் இந்தியா ரேடியோவில் சமன்லால், வெங்கட்ராமன்னு ரெண்டு பேர். சிற்றலை ஒலிபரப்பைக் கேட்டுக்கிட்டு இருக்கும்போது, நடுநடுவுல குட்டிக் குட்டி விசில் சத்தம் வர்றதைக் கவனிச்சாங்க. உச்ச ஸ்தாயியில ஆரம்பிச்சு சர்ர்ர்னு கீழே இறங்குற விசில். வேற யாரா இருந்தாலும் 'லைன்ல கோளாறு'ன்னு விட்டிருப்பாங்க. இவங்க விடலை. எரிகல் பாய்ந்து வர்ற வேகத்தால அலையோட அதிர்வெண் மாறுதுன்னு டாப்ளர் விளைவை வெச்சு விளக்கம் சொன்னாங்க. ஆம்புலன்ஸ் நம்மைத் தாண்டும்போது சைரன் ஸ்வரம் மாறுமே, அதே கணக்கு. 1941-ல் 'எலெக்ட்ரோடெக்னிக்ஸ்' இதழில் அந்தக் கட்டுரை வந்தது. எரிகல்லையும் ரேடியோவையும் பத்தின உலக வரலாற்றுல இன்னிக்கும் அந்த ரெண்டு பேர் பெயரும் இருக்கு.

பந்தயம் எப்படி?

விளையாடுறவங்களுக்குப் பேரு ஹாம். அதாவது அமெச்சூர் ரேடியோ ஆபரேட்டர்கள். அரசாங்கப் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, தனக்குன்னு ஒரு அழைப்புக் குறியீடு வெச்சிருப்பாங்க. ஐரோப்பாவுல இது ரொம்பப் பிரபலம். பெர்செய்ட்ஸ் சமயத்துல ஜெர்மனியின் பவேரியன் கான்டெஸ்ட் கிளப் இதுக்குன்னே ஒரு போட்டி நடத்தி வந்திருக்கு. நம்ம பக்கம் எரிகல்லை வெச்சு ஆடுறவங்க விரல் விட்டு எண்ணுற அளவுதான். இத்தனைக்கும் சென்னைக்கு இடம் அமோகம். இங்கேருந்து கொல்கத்தா நேர்கோட்டுல சுமார் 1,360 கி.மீ. போர்ட் பிளேரும் கிட்டத்தட்ட அதே தூரம். மும்பை 1,030, டெல்லி 1,750. எல்லாமே எரிகல் எட்டும் தூரம்தான்.

சும்மா ஒரு ஆட்டத்தைக் கற்பனை பண்ணுவோம். மயிலாப்பூர் மாடியில நீங்க. கொல்கத்தாவுல இன்னொரு காலேஜ் பொண்ணு. ரெண்டு பேர்கிட்டயும் 144 மெகாஹெர்ட்ஸ் செட், யாகி ஆன்டெனா, ஒரு லேப்டாப். முதல் 15 நொடி நீங்க அனுப்புவீங்க, அவங்க கேட்பாங்க. அடுத்த 15 நொடி அவங்க அனுப்ப, நீங்க கேட்பீங்க. கல் எப்போ விழும்னு யாருக்கும் தெரியாது. அதனால ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கிட்டே இருக்கணும். இப்போ பலரும் பயன்படுத்துற எம்.எஸ்.கே.144 முறையில ஒரு செய்தி முடிய 72 மில்லி செகண்டுதான். நீங்க கண் சிமிட்டுறதுக்குள்ள முடிஞ்சிடும். 15 நொடியில 200 தடவைக்கு மேல அதே செய்தி பறக்கும். அதுல ஒண்ணே ஒண்ணு ஒரு கல்லோட வாலைப் பிடிச்சு அந்தப் பக்கம் இறங்கினா போதும்.

என்ன செய்தி? ரெண்டு பேரோட அழைப்புக் குறியீடு. சிக்னல் எப்படி இருக்குன்னு ஒரு எண், அல்லது நீங்க இருக்கிற கட்டம். கடைசியில 'எல்லாம் வந்தது'ன்னு ஒரு உறுதி. அவ்வளவுதான். 'சாப்பிட்டியா?'க்கெல்லாம் இங்கே இடமில்லை!

கட்டம்னதும் ஞாபகம் வருது. ஹாம்கள் பூமியையே கட்டம் கட்டமாப் பிரிச்சு வெச்சிருக்காங்க. சென்னையோட கட்டம் என்.கே.03. அதுக்குள்ளயும் குட்டிக் கட்டங்கள் உண்டு. ஒரு கோடு தேனாம்பேட்டை வாக்குல வடக்கு தெற்கா ஓடுது. அதனால மயிலாப்பூர்க்காரருக்கு ஒரு கட்டம், தி.நகர்க்காரருக்கு வேற கட்டம். பாண்டி பஜாருக்கும் லஸ்ஸுக்கும் உள்ள ஜென்மப் போட்டிக்கு ரேடியோவிலும் தனித்தனி முகவரி!

கேட்டியா, கேட்ட மாதிரி நினைச்சியா?

இப்போதான் இந்த விளையாட்டோட முக்கியமான இடத்துக்கு வர்றோம்.

எத்தனை மணிக்கு, எந்த அலைவரிசையில, யாரு முதல்ல அனுப்புறதுன்னு முன்னாடியே பேசி வெச்சுக்கப் பல போட்டிகள்ல அனுமதி உண்டு. சில போட்டிகள்ல அதுவும் கிடையாது. பேசி வெச்சுக்கிட்டீங்கன்னு வைங்க. அப்போ அந்தப் பக்கம் என்ன அனுப்பிக்கிட்டு இருக்காங்கன்னு உங்களுக்கு முக்கால்வாசி தெரியும். அவங்க பேரு தெரியும், கட்டம் தெரியும். இரைச்சலுக்கு நடுவுல 'டிக்'னு ஒரு சத்தம். பாதி குறியீடு வந்த மாதிரி இருக்கு. மீதி என்னன்னு உங்களுக்கே தெரியுமே, எழுதிக்கலாமா?

கூடாது. காற்று வழியா உங்க காதுக்கோ, கம்ப்யூட்டருக்கோ வந்தது மட்டும்தான் கணக்கு. ரெண்டு குறியீடும் வரணும், ரிப்போர்ட் வரணும், உறுதி வரணும். இதுல ஒரு துண்டு குறைஞ்சாலும் ராத்திரி பூரா உட்கார்ந்ததுக்குப் பாயின்ட் பூஜ்யம். போட்டி முடிஞ்சதும் ரெண்டு பக்கத்து லாகையும் ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. எழுத்து தப்பா இருந்தா அங்கே மாட்டிப்பீங்க. ஆனா நிஜமாவே கேட்டீங்களா, இல்லை தெரிஞ்சதை எழுதினீங்களாங்கறது? அதை எந்த நடுவராலும் கண்டுபிடிக்க முடியாது. மொட்டை மாடியில நீங்களும் உங்க மனசாட்சியும் மட்டும்தான்.

எஞ்சினீயரிங் மக்களுக்கு இது எங்கே வலிக்கும்னு தெரியும். லேப்ல தியரி படி விடை 4.7 வரணும். மீட்டர் 3.9 காட்டுது. உங்க பெஞ்ச்ல ஒரு மகானுபாவர் இருப்பாரே, விடையை முதல்ல எழுதிட்டு ரீடிங்கைப் பின்னாலேருந்து போட்டு, கிராஃபை நேர்கோடா இழுத்து, முதல் ஆளா கையெழுத்து வாங்கிட்டு கேன்டீனுக்குக் கிளம்புறவர். அவருக்கு இந்த விளையாட்டு ஒத்தே வராது. சமன்லாலும் வெங்கட்ராமனும் அப்படி இருந்திருந்தா, அந்த விசிலை 'இரைச்சல்'னு எழுதி ஃபைலை மூடியிருப்பாங்க.

'சரிப்பா, விளையாட்டுக்கு இவ்வளவு ஒழுக்கமா?'ன்னு கேட்கிறீங்களா? வாங்க, 2004-க்குப் போவோம்.

போர்ட் பிளேரிலிருந்து ஒரு குரல்

இந்தப் பக்கத்தைப் படிக்கிற பல பேர் அப்போ பிறந்தே இருக்க மாட்டீங்க. ஹாம் உலகத்துல இன்னொரு பந்தயம் உண்டு. எத்தனை நாடுகளோடு, எத்தனை அபூர்வமான தீவுகளோடு பேசினோம்னு எண்ணிக்கை சேர்க்கறது. அந்தமான் அப்படி ஒரு அபூர்வமான இடம். பல வருஷமா அங்கேருந்து ஹாம் ஒலிபரப்புக்கே வழி இல்லாம இருந்தது. 2004 டிசம்பர்ல டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் விடாமுயற்சியா அனுமதி வாங்கி, ஒரு குழுவோட போர்ட் பிளேர் போய் ஆன்டெனாவைக் கட்டினாங்க. உலகம் பூரா இருந்த ஹாம்கள் அந்தமானைப் பிடிக்க முண்டியடிச்சாங்க. வெறும் பாயின்ட்டுக்கான ஆட்டம்தான்.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. பூகம்பம், சுனாமி. இங்கே பட்டினப்பாக்கம், மெரினா, பெசன்ட் நகர் கடற்கரைகளை அலை அடிச்சுத் துடைச்ச அதே காலை. அந்தமானில் தொலைபேசி படுத்திடுச்சு. முந்தின நாள் வரைக்கும் பாயின்ட் கொடுத்துக்கிட்டு இருந்த அதே செட், அதே ஆன்டெனா, அதே ஆபரேட்டர்கள் அன்னிக்கு ஆட்டத்தை நிறுத்திட்டு நிவாரணச் செய்திகளைச் சுமக்க ஆரம்பிச்சாங்க. 'இன்னார் உயிரோடு இருக்கார்'னு மெயின்லேண்ட்ல காத்திருந்த குடும்பங்களுக்குச் செய்தி போச்சு.

ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். அந்தச் செய்திகள் எரிகல் வழியாப் போகலை. அயனமண்டலம் திருப்பி அனுப்புற சிற்றலையில போச்சு. அவசரத்துக்கு எரிகல்லை நம்ப முடியாது, அது நினைச்சபோதுதான் வரும். ஆனா நான் சொல்ல வந்தது அலையைப் பத்தி இல்லை, காதைப் பத்தி. இரைச்சலுக்கு நடுவுல ஒரு பெயர் வருது. பாதிதான் கேட்டது. அது 'செல்வமா', 'செல்வியா'? 'இருக்கார்'னு வந்ததா, 'இல்லை'ன்னு வந்ததா? ஊகிச்சு எழுதினா ஒரு வீட்டுல தேவையில்லாம ஒப்பாரி. இல்லைன்னா அதைவிடக் கொடுமையா, வராத ஆளுக்காக வாசல்ல விளக்கு. அந்த நேரத்துல 'திரும்பச் சொல்லுங்க, கேட்கலை'ன்னு தயங்காம சொல்ற பழக்கம் ஒரே நாள்ல வந்துடாது. எத்தனையோ ராத்திரி, ஒண்ணுமே பெறாத பாயின்ட்டுக்காக 'கேட்கலைன்னா கேட்கலை'ன்னு எழுதிப் பழகினவங்களுக்குத்தான் அது கையோட வரும்.

'வாட்ஸ்அப் இருக்கும்போது எதுக்குய்யா இது'ன்னு கேட்கிற நண்பனுக்கு என்கிட்ட இருக்கிற பதில் இதுதான்.

நோபல் வாங்கினவர் உடைத்த புகைபோக்கி

சீரியஸாப் போயிடுச்சு, கொஞ்சம் சிரிச்சுக்கலாம். அமெரிக்காவுல நியூஜெர்ஸி பக்கம் ஒரு பண்ணை வீடு. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஹாம் பைத்தியம். மூணாவது மாடி பூரா டிரான்ஸ்மிட்டர், ரிசீவர். கூரை மேல பெரிய ஆன்டெனா. ஒருநாள் அந்த ஆன்டெனா சமாச்சாரமே வீட்டோட செங்கல் புகைபோக்கியைக் கூரை மட்டத்துக்கு வழிச்சு எடுத்துடுச்சு. அப்பா அம்மா என்ன சொல்லியிருப்பாங்கன்னு நம்ம வீட்டை வெச்சு ஊகிச்சுக்கங்க!

அந்தப் பசங்கள்ல ஒருத்தர்தான் ஜோ டெய்லர். 1974-ல் ரஸ்ஸல் ஹல்ஸோடு சேர்ந்து இரட்டைப் பல்சாரைக் கண்டுபிடிச்சு, 1993-ல் இயற்பியல் நோபல் வாங்கினவர். வாங்கிட்டு சும்மா இருந்தாரா? 2001-ல் எரிகல் வழியா பேசுறதுக்குன்னு ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதி இலவசமா விட்டார். பேரு டபிள்யூ.எஸ்.ஜே.டி. கடைசி ரெண்டு எழுத்து அவரோட ஹாம் குறியீட்டிலிருந்து வந்தது. அதுக்கு முன்னாடி மோர்ஸை அதிவேகமா அனுப்பி, டேப்ல பதிவு பண்ணி, மெதுவா ஓட்டிக் கேட்பாங்க. இன்னிக்கு ஒரு சாதா லேப்டாப் போதும். மேலே சொன்ன எம்.எஸ்.கே.144-ம் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

சென்னைக்காரர்கள் கவனத்துக்கு

நம்ம ஊருக்கும் இந்த வானத்துக்கும் தொடர்பு கொஞ்ச நஞ்சமில்லை. கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துல 2004 பிப்ரவரி 1-ல் ஆரம்பிச்ச 90.4 எஃப்.எம்.தான் இந்தியாவின் முதல் கேம்பஸ் சமுதாய வானொலி. ஹாம்களுக்காகவே இஸ்ரோ செஞ்ச ஹாம்சாட் 2005 மே 5-ல் பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறி, 2014 வரைக்கும் உழைச்சது. திருப்பதி பக்கத்துல கடங்கியில 53 மெகாஹெர்ட்ஸ் ராடார் ஒண்ணு வளிமண்டலத்தை ஆராயுது. எரிகல் தடங்களும் அதுக்குத் தப்பாது. இவ்வளவு இருந்தும் நம்ம மாடிகள்ல டி.டி.எச். தட்டு மட்டும்தான் தெரியுது. பக்கத்துல ஒரு யாகி நின்னா எவ்வளவு அழகு! அலுமினியக் குழாயும் ரிச்சி ஸ்ட்ரீட் கேபிளும் இருந்தா நீங்களே கட்டலாம். ஆன்டெனா தியரி பேப்பர்ல மனப்பாடம் பண்ணின ஃபார்முலா, நிஜமா வேலை செய்யுதான்னு அன்னிக்குத் தெரிஞ்சிடும்.

ஆரம்பத்துல சொன்ன எஃப்.எம். பரிசோதனைக்கு எந்த லைசென்ஸும் வேணாம். ஒலிபரப்பைக் கேட்கறதுதானே! ரெண்டு பேராப் போங்க, தனித்தனி நோட்டு வெச்சுக்கங்க. சத்தம் வந்தா மணியை மட்டும் எழுதுங்க, பேசிக்காதீங்க. விடிஞ்சதும் ரெண்டு நோட்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரெண்டுலயும் எத்தனை மணி ஒத்துப் போகுதோ, அத்தனைதான் உங்க ஸ்கோர். ஒண்ணுமே கேட்கலையா? 'ஒண்ணுமில்லை'ன்னு எழுதிட்டு, கீழே இறங்கி ஃபில்டர் காபி குடிங்க. அதுவும் ஒரு நல்ல ரீடிங்தான்.

நீங்களும் ஹாம் ஆகணுமா?

* 12 வயசு ஆனாலே தகுதி உண்டு. காலேஜ் மக்கள் ஏற்கெனவே லேட்!

* தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்தும் ஏ.எஸ்.ஓ.சி. தேர்வு எழுதணும். ரேடியோ தியரி, விதிமுறைகள்னு ரெண்டு பகுதி. இ.சி.இ., ட்ரிபிள்இ மக்களுக்கு முதல் பகுதி அல்வா. விதிமுறைகளைத்தான் உட்கார்ந்து படிக்கணும்.

* ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல்னு ரெண்டு கிரேடு. முதலாவதுக்கு மோர்ஸ் தேவையில்லை. ஆர்ட்ஸ் காலேஜ் நண்பர்களும் தைரியமா இறங்கலாம்.

* லைசென்ஸ் கைக்கு வராம டிரான்ஸ்மிட் பட்டனைத் தொடவே கூடாது. அது சட்டப்படி குற்றம். கேட்டுப் பழகுங்க.

* மெட்ராஸ் அமெச்சூர் ரேடியோ சொசைட்டின்னு நம்ம ஊர்லயே ஹாம்களுக்கு ஒரு சங்கம் உண்டு. சீனியர்கள் கூட உட்கார்ந்து ஒரு நாள் கேட்டாலே பாதி பாடம் முடிஞ்சிடும்.

டிசம்பர் 13 ராத்திரி கேட்டதை ஒரு போஸ்ட் கார்டுல எழுதிப் போடுங்க. கேட்காததையும்தான்! அடுத்த வாரம் வேற ஒரு அலைவரிசையில சந்திப்போம். 73! அட, இது மார்க் இல்லை பாஸ். ஹாம் பாஷையில 'அன்பு வாழ்த்துகள்'!